திறக்காத பூட்டை அறுத்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவி தொலைந்துவிட்டது, சாவி உள்ளே உடைந்து நின்றுவிட்டது, துருப்பிடித்து இறுகிவிட்டது, சாவி சுற்றினாலும் பூட்டு திறக்கவில்லை. பூட்டை அறுக்கும் நிலை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்தான் வருகிறது. கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை என்பதால் அவற்றைக் கேட்கப்பட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

பூட்டின் மேலே வளைந்திருக்கும் கம்பியை 'வளையம்' என்றும், சாவித் துளை உள்ள பகுதியை 'உடம்பு' என்றும், வளையம் நுழையும் கதவு இரும்பை 'நாதாங்கி' என்றும் குறிப்பிடுகிறோம். பூட்டு உங்களுடையது, அல்லது உரியவர் சம்மதம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் எல்லாப் பதிலும்.

அறுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கலாமா?

கண்டிப்பாக. துருவை ஊடுருவும் எண்ணெயை (டபிள்யூடி-40 போன்றது) சாவித் துளையிலும், வளையத்தின் இரு கால்களும் உடம்புக்குள் இறங்கும் துளைகளிலும் அடித்து இருபது நிமிடம் விடுங்கள். பிறகு சாவியை முழுக்கச் செருகி, ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து, மெதுவாக இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். தேய்ந்த சாவிகள் பல இப்படித் திரும்பிவிடும். சாவி திரும்புகிறது, வளையம்தான் எழும்பவில்லை என்றால் கோளாறு துருவில். சாவியைத் திருப்பிய நிலையிலேயே வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பக்கவாட்டில் மரக்கட்டையால் தட்டுங்கள்.

சாவியைக் குறடால் பிடித்து முறுக்காதீர்கள். திரும்பாத சாவி உடைந்த சாவியாகிவிடும். உடைந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மூக்குக் குறடால் இழுக்கலாம். ஆனால் சாவியைச் செருகும்போது துளை எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலைக்கு முதலில் திருப்பியாக வேண்டும். பாதி திரும்பிய நிலையில் எவ்வளவு இழுத்தாலும் வராது. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகிவிடும்.

எந்தப் பூட்டுக்கு எந்தக் கருவின்னு எப்படித் தெரியும்?

இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: வளையத்தின் தடிமன், அதன் கடினம். தடிமனை ஸ்கேலால் அளந்துவிடலாம். கடினத்தைப் பார்க்க ஒரு சின்ன அரம் வேண்டும். வளையத்தில் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நான்கு இழுப்பு இழுங்கள். அரம் 'கரகர'வென்று கடித்து, பளபளப்பான தடம் விழுந்தால் சாதாரண எஃகு. கண்ணாடிமேல் தேய்ப்பதுபோல் வழுக்கி, மேல்பூச்சு மட்டும் உரிந்தால் பதம் ஏற்றிய (சூட்டால் கடினமாக்கிய) எஃகு. பல பூட்டுகளில் வளையத்தின்மேலேயே 'ஹார்டன்ட்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள்.

சாதாரண எஃகு, 8 மி.மீ வரை: ஆக்சா பிளேடு அல்லது போல்ட் கட்டர் (நீளக் கைப்பிடி உள்ள, கம்பியை நெருக்கித் துண்டாக்கும் கருவி). பதம் ஏற்றியது, 6 மி.மீ வரை: நல்ல போல்ட் கட்டர். அதற்கு மேல் தடித்த பதம் ஏற்றிய வளையத்துக்கு, மிகப் பெரிய போல்ட் கட்டர் கையில் இல்லையென்றால், ஆங்கிள் கிரைண்டர்தான் (வட்ட வீல் சுழன்று அறுக்கும் மின்கருவி). அரத்தால் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் ஆரம்பிப்பவர்கள்தான் மூன்று பிளேடை மழுக்கிவிட்டு நான்காவதை வாங்கப் போகிறார்கள்.

ஆக்சா பிளேடுல அறுக்கறது எப்படி? பிளேடு சும்மா சும்மா உடையுது.

300 மி.மீ நீளம், அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல் உள்ள பை-மெட்டல் (இரு உலோகம் சேர்த்த) பிளேடு எடுங்கள். பல்லின் கூர் கைப்பிடியிலிருந்து முன்னோக்கிப் பார்த்திருக்க வேண்டும். பிளேடு சட்டத்தில் விறைப்பாக நிற்க வேண்டும். விரலால் சுண்டினால் 'டங்' என்று ஒலிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். தளர்ந்த பிளேடு வளைந்து, அறுப்புக்குள் திருகிக்கொண்டு உடைகிறது. பாதி உடைசலுக்குக் காரணம் இதுதான். மீதிப் பாதிக்குக் காரணம் பூட்டு ஆடுவது.

உருண்டைக் கம்பியில் முதல் இழுப்பு வழுக்கும். முக்கோண அரத்தால் சின்னப் பள்ளம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். முன்னே தள்ளும்போது அழுத்தம், பின்னே இழுக்கும்போது அழுத்தமே வேண்டாம். நிமிடத்துக்கு 40 முதல் 50 தள்ளல் போதும். வேகமாகப் போனால் பல் சூடாகி மழுங்கும். பிளேடின் நடுப் பகுதியை மட்டும் தேய்க்காமல் முழு நீளத்தையும் பயன்படுத்துங்கள். அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பாதியில் பிளேடு உடைந்தால், புதுப் பிளேடைப் பழைய அறுப்பிலேயே விடாதீர்கள். தேய்ந்த பிளேடு போட்ட வழி குறுகலாக இருக்கும், புதுசு அதில் சிக்கி உடையும். மறுபக்கத்திலிருந்து அறுத்து வந்து பழைய அறுப்பைச் சந்தியுங்கள்.

பத்து நிமிஷமா அறுக்கறேன், ஒரு கோடுகூட விழலையே?

வளையம் பதம் ஏற்றியது. பிளேடின் பல்லும் வளையமும் ஏறக்குறைய ஒரே கடினம் என்பதால் தேய்வது பல்தான். மேல்தோல் மட்டும் கடினமாக இருக்கும் வளையங்களும் உண்டு. ஆனால் அந்தத் தோலைத் தாண்டவே கிரைண்டர் வேண்டும் என்றால், மிச்சத்தையும் அதனாலேயே முடித்துவிடலாம். கார்பைடு துகள் ஒட்டிய உருண்டைக் கம்பி பிளேடு ஆக்சா சட்டத்தில் மாட்டக் கிடைக்கிறது. அது கடினமான எஃகையும் அறுக்கும், ஆனால் பொறுமையைச் சோதிக்கும். மின்சாரமும் பேட்டரியும் இல்லாத இடத்துக்கு மட்டும்.

போல்ட் கட்டர் எந்த சைஸ் வேணும்?

கைப்பிடி நீளம்தான் நெம்பு. தோராயமாக, 600 மி.மீ (24 அங்குல) கட்டர் 8 மி.மீ சாதாரண எஃகையும் 6 மி.மீ கடின எஃகையும் தாங்கும். 900 மி.மீ (36 அங்குல) கட்டர் கடின எஃகில் 10 மி.மீ வரை போகும். கட்டருக்குக் கட்டர் இது மாறும். தயாரிப்பாளர் மென்மையான எஃகுக்கு ஓர் அளவும் கடின எஃகுக்கு ஓர் அளவும் தந்திருப்பார். பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

வளையத்தை வாயின் நுனியில் அல்ல, எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு உள்ளே, கீல் பக்கமாக வையுங்கள். கம்பி வாய்க்குச் செங்குத்தாக இருக்கட்டும். நெருக்கும்போது பக்கவாட்டில் ஆட்டி முறுக்கினால் வாய் சில்லு பெயரும். கைப்பிடியில் குழாய் மாட்டி நீட்டுவதும் வேண்டாம். ஒன்று கட்டர் போகும், அல்லது குழாய் வழுக்கி நீங்கள் போவீர்கள். கட்டர் இரண்டு ஆப்புகளைப்போல் இருபுறமும் நெருக்கித்தான் கம்பியைத் துண்டாக்குகிறது. அற்றுப்போகும் நொடியில் துண்டு தெறிக்கும். தீப்பொறி இல்லாத வேலைதானே என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைக்காதீர்கள்.

கிரைண்டர்ல எந்த வீல் போடணும்? இருக்கற வீலைப் போட்டா போதாதா?

உலோகத்துக்கான கட்டிங் வீல், 1 முதல் 1.6 மி.மீ தடிமன். தேய்க்கும் வீல் 6 மி.மீ இருக்கும், அதைக் கொண்டு அறுக்கவும் கூடாது, கட்டிங் வீலின் பக்கவாட்டால் தேய்க்கவும் கூடாது. மெல்லிய வீல் பக்க அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்.

வீலில் அச்சிட்ட அதிகபட்சச் சுழற்சி வேகம் கிரைண்டரின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். பொதுவாக 100 மி.மீ வீலில் 15,300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), 115-ல் 13,300, 125-ல் 12,200 என்று இருக்கும். மூன்றிலும் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் ஓடுகிறது. 100 மி.மீ கிரைண்டரில் கார்டைக் (வீலை மூடும் தடுப்பு உறை) கழற்றிவிட்டு 125 வீல் மாட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. துளையே பொருந்தாது (ஒன்று 16 மி.மீ, மற்றது 22.23 மி.மீ). ஏதாவது வாஷர் வைத்துச் சமாளித்தாலும், வெடிக்கும் வீலுக்கும் முகத்துக்கும் நடுவே ஒன்றும் இல்லை.

வீலின் நடுவிலிருக்கும் உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். பிசின் வீல்களுக்குத் தயாரித்ததிலிருந்து மூன்று ஆண்டு. ஈரத்தில் கிடந்தது, கீழே விழுந்தது, விளிம்பு பெயர்ந்தது எல்லாம் குப்பைக்கு. புது வீலை மாட்டியதும் முகத்துக்கு நேரே இல்லாமல் பிடித்து, ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். உடைய வேண்டியது அப்போதே உடையட்டும்.

கண்ணாடி மட்டும் போட்டா போதாதா? ஒரு நிமிஷ வேலைதானே.

பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, அதன்மேல் முகக் கவசம். கவசம் மட்டும் போட்டால் அடிவழியாகப் பொறி ஏறும். கண்ணாடி மட்டும் போட்டால் வீல் துண்டு கன்னத்தைக் கிழிக்கும். காதுக்கு அடைப்பான் வேண்டும், இரும்புக் கதவில் பூட்டு அறுபடும்போது கதவு முழுவதும் சத்தத்தைப் பெருக்கும். கையோடு ஒட்டிய தோல் கையுறை சரி, தொளதொள துணிக் கையுறை வீலில் சுற்றிக்கொள்ளும். முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி. தொங்கும் துணி, சங்கிலி, அவிழ்ந்த முடி எதுவும் இருக்கக் கூடாது. செயற்கை இழைத் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

பூட்டு தொங்கிட்டு ஆடுது. யாராவது கையால பிடிச்சுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள். வீல் உதைப்பதும், பிளேடு உடைவதும், கட்டர் வாய் பெயர்வதும் பெரும்பாலும் பூட்டு நகர்வதால்தான். பூட்டி நிற்கும் குறடு (வைஸ் கிரிப்) ஒன்றால் உடம்பை இறுக்கிப் பிடியுங்கள். அதன் கைப்பிடியைக் கம்பியாலோ சங்கிலியாலோ கதவின் வேறொரு பகுதியோடு கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். கயிறு பொறியில் எரிந்து அறும்.

இழுக்கும் திசையும் முக்கியம். கீழே இழுத்தால் வளையக் காலில் போடும் அறுப்பு வாய் திறந்தபடி இருக்கும். பக்கவாட்டில் முறுக்கிக் கட்டினால் கடைசி மில்லிமீட்டரில் அறுப்பு மூடி வீலைக் கவ்வும். கிரைண்டர் கையை விட்டுத் துள்ளுவது அப்போதுதான்.

சரி, கிரைண்டரால அறுக்கறதை வரிசையாச் சொல்லுங்க.

கார்டு வீலுக்கும் உங்களுக்கும் நடுவில் வரும்படி திருப்புங்கள். பக்கக் கைப்பிடியை மாட்டுங்கள். அறுக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள்: உடம்புக்கு மேலே ஒரு சென்டிமீட்டர், வளையத்தின் நேரான காலில். வளைவில் அறுத்தால் வீல் சாய்ந்து வழுக்கும். பின்னால் கதவு தெரிந்தால் நடுவில் ஒரு தகரத் துண்டைச் செருகுங்கள். பொறி தரையை நோக்கிப் போகும்படி கிரைண்டரின் கோணத்தை முன்பே பார்த்துவையுங்கள். வீல் சுழலும் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள்.

இரண்டு கையாலும் பிடித்து, வீல் முழு வேகம் எடுத்த பிறகுதான் கம்பியைத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், கிரைண்டரின் எடையே போதும். மோட்டார் சத்தம் தாழ்ந்தால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். நேராக உள்ளே, நேராக வெளியே. அறுப்புக்குள் வீலைத் திருப்பாதீர்கள். 10 மி.மீ கடின வளையம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடியும் தறுவாயில் பொறி குறைந்து சத்தம் மாறும், அப்போது பிடியை இன்னும் லேசாக்குங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் வீல் பல நொடி சுற்றும். நின்ற பிறகே கீழே வையுங்கள்.

ஒரு இடத்துல அறுத்தாச்சு, பூட்டு இன்னும் வரலை. ஏன்?

எளிய பூட்டுகளில் வளையத்தின் ஒரு கால் மட்டுமே உள்ளே கொக்கியில் மாட்டியிருக்கும். அந்தக் காலை அறுத்தால், மறு காலை அச்சாக வைத்து வளையம் சுற்றும், நாதாங்கியிலிருந்து கழன்றுவிடும். உடம்பைக் குறடால் பிடித்துச் சற்றே முறுக்கிப் பாருங்கள். நல்ல பூட்டுகளில் இரு கால்களின் பள்ளத்திலும் எஃகுக் குண்டு உட்கார்ந்திருக்கும், வளையம் சுற்றாது. அப்போது மறு காலையும் அதே உயரத்தில் அறுக்க வேண்டும். வளைவு தனியாகக் கையோடு வரும்.

மறு காலுக்குக் கருவி எட்டவில்லையா? அறுத்த காலிலேயே இன்னொரு அறுப்புப் போட்டு ஒரு துண்டை எடுத்துவிடுங்கள். இடைவெளி நாதாங்கி இரும்பின் தடிமனைவிட இரண்டு மி.மீ அதிகம் இருந்தால் உருவிவிடலாம். முதல் அறுப்புக்குப் பின் பூட்டு தளர்ந்திருக்கும் என்பதால், பிடிமானத்தை மறுபடி இறுக்கிவிட்டே இரண்டாவதைத் தொடங்குங்கள். முதல் அறுப்பைவிட இரண்டாவதுதான் ஆபத்து.

தீப்பிடிக்குமா? சும்மா பொறிதானே, பறக்கும்போதே அணைஞ்சிடுமே?

கண்ணுக்கு அணைந்ததாகத் தெரிவது மரத்தூளில் விழுந்தால் புகையத் தொடங்கும். தொழிற்கூட விதிகளில் இத்தகைய வேலைக்குச் சுற்றிலும் 11 மீட்டர் (35 அடி) எரியும் பொருள் இருக்கக் கூடாது என்றும், முடிந்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஆள் நின்று பார்க்க வேண்டும் என்றும் இருப்பது அதனால்தான். நகர்த்த முடியாததைத் தகரத்தால் மூடுங்கள். கதவின் அடி இடுக்கு வழியாகப் பொறி உள்ளே போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அறை என்றால் கிரைண்டரைத் தொடாதீர்கள். தீயணைப்பான் அருகில் இருக்கட்டும்.

முதல் பதிலில் சொன்ன எண்ணெய் நினைவிருக்கிறதா? அது எரியும். கிரைண்டருக்குப் போவதானால் பூட்டை நன்றாகத் துடைத்து, துடைத்த துணியையும் எண்ணெய்க் குப்பியையும் தூரக் கொண்டுபோய்விடுங்கள்.

பக்கத்தில் கண்ணாடி சன்னலோ கார் கண்ணாடியோ இருந்தால் அதையும் மூடுங்கள். பறக்கும் துகள் சூட்டோடு கண்ணாடியில் பதிந்துவிடும், தேய்த்தாலும் போகாத புள்ளிகளாக.

கிரைண்டர் இல்லை. மல்டி டூல், ரெசிப்ரோகேட்டிங் சா இதெல்லாம் சரிப்படுமா?

ரெசிப்ரோகேட்டிங் சாவில் (பிளேடு முன்னும் பின்னும் ஓடும் மின்வாள்) அங்குலத்துக்கு 14 முதல் 18 பல் உள்ள பை-மெட்டல் பிளேடு சாதாரண எஃகை அறுக்கும். கடின எஃகுக்குக் கார்பைடு பிளேடு. பிளேடு வெளிவரும் இடத்திலுள்ள அடிப்பாதம் பூட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் அறுப்பதற்குப் பதில் கதவையே குலுக்கும். சின்ன ரோட்டரி டூலில் இழை வலுவூட்டிய 38 மி.மீ வீல் போட்டால் இடுக்கான இடத்தில் வேலை நடக்கும், மெதுவாக. அலைந்தாடும் மல்டி டூலைத் தடித்த வளையத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஐஸ் ஸ்பிரே அடிச்சு சுத்தியலால தட்டினா உடைஞ்சிடும்கிறாங்களே?

ஸ்பிரே குப்பியின் குளிர் தடித்த எஃகை நொறுங்க வைக்கப் போதாது. சுத்தியல் அடி முதலில் நாதாங்கியை வளைக்கும், பிறகு கதவுப் பலகையைப் பிளக்கும், அதன் பிறகுதான் பூட்டைக் கவனிக்கும்.

நெருப்பால் சூடேற்றுவது வேறு கதை. பதம் ஏற்றிய வளையம் செக்கச் சிவந்து மெல்ல ஆறினால் பதம் இறங்கும், ஆக்சா பிளேடு கடிக்கும். ஆனால் துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பு சூடானால் வரும் வெண்புகை காய்ச்சலைக் கொடுக்கும். கதவுப் பெயின்ட்டும் போகும். பட்டறையில் கழற்றி வைத்த பொருளுக்குச் சரி. கதவில் தொங்கும் பூட்டுக்கு வேண்டாம்.

பூட்டை விட்டுட்டு நாதாங்கியை அறுத்தா என்ன?

பல வேளை அதுதான் புத்திசாலித்தனம். நாதாங்கி பெரும்பாலும் சாதாரண எஃகு, 12 மி.மீ கடின வளையத்தோடு மல்லுக்கட்டுவதைவிட எளிது. திருகில் நிற்கும் நாதாங்கி என்றால் மாற்றுவது அரை மணி வேலை. கதவோடு பற்றவைத்தது என்றால் மறுபடி வெல்டிங், பெயின்ட் என்று இழுக்கும், அங்கே பூட்டையே அறுங்கள். சங்கிலி என்றால் அரத்தால் சங்கிலியையும் சோதித்துப் பார்த்து, மென்மையானதை அறுங்கள்.

வளையம் வெளியே தெரியாத வட்டப் பூட்டுக்கும் இதே பதில். அதன் எஃகு உறையை அறுப்பதைவிட, எட்டுகிற நாதாங்கிக் காதை அறுப்பது சுலபம்.

பைக் சக்கரத்துல மாட்டின பூட்டை கிரைண்டரால அறுக்கலாமா?

பெட்ரோல் டேங்க் உள்ள வண்டி அருகே பொறி கிளப்பக் கூடாது. சங்கிலிப் பூட்டு என்றால் போல்ட் கட்டர். டிஸ்க் பிரேக்கில் மாட்டிய பூட்டை அறுத்தால் சூடு டிஸ்க்கை வளைக்கலாம், அரைத்தூள் பிரேக் பேடில் ஏறும். பூட்டுக்காரரை வரவழைப்பதுதான் சரி. மிதிவண்டி என்றால் டயரையும் சட்டத்தையும் தகரத்தால் மறைத்துவிட்டு அறுக்கலாம். டயர் ரப்பர் பொறியில் உடனே கருகும்.

கதவுக்குள்ளேயே பதிச்ச பூட்டு. தாழ்நாக்கை இடுக்கு வழியா அறுக்கலாமா?

நல்ல பூட்டுகளில் தாழ்நாக்கின் நடுவே சுழலும் கடின எஃகுக் கம்பி வைத்திருப்பார்கள். பிளேடு அதைத் தொட்டதும் கம்பி கூடவே உருளும், அறுபடாது. கதவும் நிலையும் சேதமாவதுதான் மிச்சம். கீல் முள் உங்கள் பக்கம் இருந்தால் அதைத் தட்டி எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் பூட்டுக்காரர்.

மின்பெட்டியில மாட்டின பூட்டு, மெஷின்ல தொங்கற சிவப்புப் பூட்டு?

மின்பெட்டிக்குள் இரும்புத் தூள் விழுந்தால் மின்சுற்று குறுக்காகும். மீட்டர் பெட்டி என்றால் பூட்டும் முத்திரையும் மின்நிறுவனத்துடையவை, அவர்களே வரட்டும்.

இயந்திரத்தின் மின்சுவிட்சில் பெயர்ச்சீட்டோடு தொங்கும் பூட்டு, 'நான் உள்ளே வேலை செய்கிறேன்' என்று ஒருவர் விட்டுச்சென்ற செய்தி. அவர் வளாகத்தில் இல்லை என்று உறுதிசெய்து, அவரைத் தொடர்புகொள்ள முயன்று, பொறுப்பு அதிகாரி எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே அதைத் தொடலாம். பூட்டு எடுக்கப்பட்டது என்பதை அவர் மறுபடி வேலையில் இறங்கும் முன் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

அறுத்து முடிச்சாச்சு. இனி என்ன?

துண்டைக் கையால் எடுக்காதீர்கள். சிவப்பு போனாலும் பத்து நிமிடம்வரை தோலைச் சுடும்; குறடால் எடுங்கள். நாதாங்கியில் பிசிறு இருந்தால் அரத்தால் தட்டிவிடுங்கள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரையில் உருட்டுங்கள். கருப்பு மீசைபோல் தூள் ஒட்டிவரும். பையை உள்வெளியாகப் புரட்டினால் தூள் பைக்குள். இதை அன்றே செய்யுங்கள். ஈரம் பட்டால் மறுநாளே வெள்ளை டைல்ஸிலும் பெயின்ட்டிலும் செம்புள்ளிகள் தோன்றும்.

கண்ல ஏதோ விழுந்த மாதிரி உறுத்துது. கழுவினா போயிடுமா?

தேய்க்காமல், சுத்தமான நீரால் நன்றாகக் கழுவுங்கள். அதன் பிறகும் உறுத்தினால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கருவிழியில் பதிந்த இரும்புத் துகள் ஒரு நாளுக்குள் தன்னைச் சுற்றித் துரு வளையம் போட்டுவிடும். பிறகு துகளோடு அதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். காந்தம், பஞ்சு, நாக்கு நுனி என்று வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உறுத்தல் தானாக நின்றுவிட்டாலும் பார்வை மங்கலாக இருந்தாலோ, சுத்தியல் அடியின்போது தெறித்தது என்றாலோ கண்ணைக் கழுவாமல், அழுத்தாமல், ஒரு குவளையால் மூடியபடி நேராக மருத்துவமனைக்குப் போங்கள். துகள் கண்ணைத் துளைத்து உள்ளே போயிருக்கலாம்.